சியாகுல்லியில் கழற்றி வைத்த பட்டி

செபஸ்தியம்மாவின் கணவர் இறந்துபோன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனுசன் இன்றைக்கும் கபோ சந்தையில் மீன்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார். அவர் இறந்தது எங்கள் பயிற்சியில். அதிலும் ஒழுங்காக இறக்கவில்லை.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இது என்ன வேலை என்று ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால், விளங்கப்படுத்துவதற்குள் உங்களுக்கே களைத்துவிடும். நான் சொல்லித் தருகிறேன். பல நாடுகள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கின்றன. அந்த நாடுகளின் பொலிஸ்காரர், தொழில் பரிசோதகர், சட்டத்தரணி, சமூக சேவகர் எல்லோரும் வசந்த காலத்தில் பலெர்மோவுக்கு வருகிறார்கள். ஆட்களை ஏமாற்றிக் கொண்டுவந்து அடிமை வேலை வாங்குகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது, அகப்பட்டவர்களோடு எப்படிக் கதைப்பது என்று பழகுகிறார்கள். பழகுவதற்கு ஏமாற்றப்பட்டவர்கள் வேண்டுமே. அதற்குத்தான் நாங்கள். சியாகுல்லியில் மந்தரின் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பழைய பழக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, எங்களுக்கு ஆளுக்கொரு கதையைத் தாளில் எழுதித் தந்து, உள்ளே இருத்திவிடுவார்கள். எங்களைக் கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. நல்லபடியாகக் கேட்டால் சொல்வோம். அதட்டிக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டோம்.

நான் பலெர்மோவின் லிபெர்த்தா வீதிப் பக்கத்து வீடுகளில் தரை துடைத்து, முதியவர்களைக் குளிப்பாட்டி, சம்பளம் எடுத்து, ஓய்வுக்கு வந்தவள். இந்தப் பயிற்சி வேலையை அதோடு சேர்த்துத்தான் செய்தேன். கடைசி வருடங்களில் நடிக்க வருகிறவர்களுக்கு நான்தான் தலைவி. முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால் இன்றைக்கும் உங்களை விரட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

சரி, செபஸ்தியம்மா. அவளுடைய தாளில், கணவர் இறந்ததால் தனியாகப் பிழைக்க வந்தவள் என்று எழுதியிருந்தது. கேள்வி கேட்க வந்த பொலிஸ்காரன் உன் கணவர் எங்கே என்று கேட்டான். இவள் ஜேர்மனியில் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்தக் குழு முழுவதும் இல்லாத கணவரை ஜேர்மனியில் தேட வெளிக்கிட்டது. ஜேர்மனியிலிருந்து வந்த அதிகாரியை எழுப்பி விசாரித்தார்கள். ஆள் கடத்தும் கூட்டத்தின் தலைவன் அந்தக் கணவர்தான் என்று ஒரு படமும் கீறினார்கள். அந்த வருடப் பயிற்சி அதோடு குட்டிச்சுவர்.

பயிற்சிக்குப் பொறுப்பான பெரியவர் அவளைக் கூப்பிட்டார். குளிர்நாட்டுக்காரர், பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நெட்டையான ஆள். மந்தரின் பழத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். மாலையில் அவருக்குக் கிட்டப் போனால் கமகமவென்று இருக்கும். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. தாளில் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். செபஸ்தியம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, அந்த மனுசன் காலமை தேத்தண்ணி போட்டுத் தந்துதான் என்னை அனுப்பினது. செத்துப்போச்சு எண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது? நடிப்பெண்டாலும் வாய்ச்சொல்லு வாய்ச்சொல்லுத்தானே."

நான் இத்தாலி மொழியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேறு யார் யார் இப்படி மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கை தூக்கினார்கள். ஒருத்தி செத்த தாயைக் கால் ஏலாத தாயாக்கியிருந்தாள். இன்னொருத்தி செத்த பிள்ளையை விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். அந்த வருடத்தோடு எங்களுக்கு எழுதும் கதைகளில் ஒருவரும் சாவதில்லை. எங்களுக்குள்ளேயும் ஒரு முறை வந்தது. சொந்தக்காரரின் பெயரைப் பொய்க் கதைக்குள் கொண்டுபோவதில்லை. பெற்ற பிள்ளையின் பெயரை அறவே இல்லை. எவருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணமோ மன்னாரோ, எங்கள் பெண்களுக்கு அது தானாகத் தெரியும்.

அதே பெரியவர்தான் செம்மஞ்சள் பட்டியையும் கொண்டுவந்தார். இன்றைக்குக் காலையில் உங்கள் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டி. அது கையில் இருக்கும்வரை நீங்கள் சொல்வது கதை. கழற்றி மேசையில் வைத்தால், இனி உண்மை என்று அர்த்தம். உடனே விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். ஒருத்திக்கு நெஞ்சு நோகலாம், ஒருத்திக்குப் பழைய பயம் ஏதாவது வரலாம். அதற்காக வைத்தது. நல்ல விதிதான். ஆனால் நல்ல விதியையும் எப்போது, எப்படி எடுப்பது என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் இருத்தி வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு வசந்தத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு ஒன்று வந்திருந்தது. அது அமைப்பின் உறுப்பு நாடு இல்லை, பங்காளி நாடு. உறுப்பு நாட்டுக்காரர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். பங்காளிகளுக்குச் சுவரோரமாகக் கதிரை போட்டிருக்கும். அவர்கள் கேட்கலாம், கதைக்கலாம், முடிவெடுக்க ஏலாது. கலியாண வீட்டுக்கு வந்து பந்தியில் இருக்கலாம், ஆனால் என்ன சமைப்பதென்று சொல்ல ஏலாத உறவுக்காரரைப் போல. அந்த வருடம்தான் முதல்முறையாக அவர்களுடைய குழு ஒன்றையும் கொட்டகைக்குள் இறக்கினார்கள். அவர்களுக்கென்று ஒரு நிபந்தனையும் இருந்தது: விசாரிக்கலாம், ஆனால் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் விருந்து தரும் நாட்டின், அதாவது இத்தாலியின், குழுவிடம் கேட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருடமும் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தக் குழுவில் ஒரு பெண் தொழில் பரிசோதகர் இருந்தார். சின்ன வயதில் சிசிலியிலிருந்து எட்டிய தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்தே இத்தாலி மொழி பழகியவர். அவருடைய மேலதிகாரி கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்த மனிதர். எங்களை எல்லோரும் பார்க்கிறார்கள், பிழை விடாதே என்று எங்களுக்கு முன்னாலேயே, இத்தாலி மொழியில், அவரிடம் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். நடிக்க இருந்த ஒருத்தி படியில் விழுந்து கையை முறித்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஜெசிந்தாவைப் பிடித்தேன். மன்னார்ப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், வந்து அதிக காலம் இல்லை. லிபெர்த்தாவில் ஒரு முதிய இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தாள். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்று உங்களுக்குத் தெரியும். அந்த வியாழனுக்குத்தான் கேட்டேன்.

"எனக்கு நடிக்கத் தெரியாதக்கா."

"தெரியாட்டித்தான் நல்லது. தாளிலை இருக்கிறதைச் சொல்லு. அது மறந்தால் அழு. மிச்சத்தை நான் பாப்பன்."

அவளுக்குக் கொடுத்த கதை இலேசானது. கலியாணம் கட்டாத பெண், தோட்டத்தில் பழம் பறிக்கிறவள், மேற்பார்வைக்காரன் பாஸ்போட்டைப் பறித்து வைத்திருக்கிறான். மேற்பார்வைக்காரனாக நடித்தவர் ஒரு மொரீசியஸ் தமிழர். பரம சாது. எங்களைக் கத்தி விரட்டிவிட்டு, காட்சி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார். எனக்கு அன்றைக்கு, இத்தாலி மொழி தெரிந்த சக தொழிலாளி வேடம். அதாவது மொழிபெயர்க்க வேண்டும்.

கொட்டகைக்குள் ஒரு மேசை. ஒரு பக்கம் அந்தப் பரிசோதகர், மறுபக்கம் நானும் ஜெசிந்தாவும். வாசலில் குழுக்களுக்குப் புள்ளி போடுகிறவர் நின்றார், அவருக்குப் பின்னால் விறைத்த மேலதிகாரி. அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. பரிசோதகர் நல்லபடியாகவே தொடங்கினார். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். பிறகு பாஸ்போட் எங்கே என்றார்.

"அவர் வாங்கி வைச்சிருக்கிறார்."

"யார் அவர்?"

"சிஞ்ஞோராவின்ரை மகன்."

தாளில் சிஞ்ஞோராவும் இல்லை, மகனும் இல்லை. பிள்ளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. மொழிபெயர்த்தேன்.

"எங்கே வைத்திருக்கிறார்?"

"அலுமாரிக்குள்ளை. பாஸ்போட்டும் விசாப் பெர்மெஸ்ஸோவும் உள்ளைதான். கேட்டால், ஈஸ்டர் முடியட்டும் பாப்பம் எண்டுறார். அதுக்குள்ளை என்ரை பிள்ளைக்கு ஒப்பரேசன் முடிஞ்சிடும். நெஞ்சிலை ஓட்டை. வாற கிழமை எண்டு யாழ்ப்பாணத்திலை திகதி குடுத்திட்டினம்."

அப்போது அவள் பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஞாயிறு பூசையில் நோயாளிகளுக்காக மன்றாடும்போது சுவாமியார் வாசித்த பெயர். ஒப்பரேசனுக்கு இவள் ஊருக்குப் போகிறாள் என்றுதான் எங்கள் சனம் எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தது. போகமுடியாமல் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. செபஸ்தியம்மாவை நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் புருசனைப் பொய்யில் சாகவிடாத பெண்கள் நாங்கள். பெற்ற பிள்ளையின் பெயரையும் நோயையும் ஒரு தாய் நடிப்புக்குள் கொண்டுவருவாளா? அவள் கையில் பட்டி இருந்தது. ஆனால் அவள் சொன்னது கதை இல்லை.

 விதிப்படி உடனே என் பட்டியைக் கழற்றி மேசையில் வைத்திருக்க வேண்டும். வைத்தால் என்ன நடக்கும்? விசில் ஊதுவார்கள். பல நாட்டுப் பொலிஸ்காரரும் ஓடி வருவார்கள். எங்கள் பெண்களும் ஓடி வருவார்கள். அவர்களுக்கு மனம் தங்கம், வாய்க்குப் பூட்டில்லை. ஜெசிந்தா வீடு போய்ச் சேருவதற்கு முன்னமே செய்தி சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போய்விடும். அதைவிட மோசம், இவ்வளவு பேரைக் கண்டதும் இவள், நான் சும்மா நடித்தேன் என்று சொல்லிவிடுவாள். பட்டி கையில் இருந்தபடியால்தான் அவளுக்கு அதைச் சொல்லத் தைரியம் வந்தது. கழற்றினால் வாய் மூடிவிடும். கழற்றாமல் விட்டால், இருட்ட முதல் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவாள். அங்கே பிள்ளையின் நெஞ்சைத் திறக்கும்போது இவள் இங்கே சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருப்பாள்.

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கியது. நல்ல நடிப்பு என்று வாசலில் நின்றவர் தலையாட்டினார்.

பரிசோதகர் பேனாவைக் கீழே வைத்தார். ஜெசிந்தா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன் நேரத்தைப் பார்க்கிறாய்?"

"நான் போகவேணும். சிஞ்ஞோராவுக்குப் பின்னேர மருந்து குடுக்கிறது நான்தான்."

இப்போது பரிசோதகர் பார்த்தது அவளை இல்லை, என்னை. அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நான் மேசைக்குக் கீழே என் பட்டியைக் கழற்றி அவர் கைக்குள் வைத்தேன். அவர் கையைப் பொத்திக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இந்த நாட்டில் நான் விருந்தாளி. ஒரு வீட்டுக் கதவைத் தட்டக்கூட எனக்கு உரிமை இல்லை. தட்டக்கூடியவர் யார்?"

விருந்து தரும் நாட்டின் குழுவில் பலெர்மோச் சமூக சேவகி ஒருத்தி இருந்தாள். நடிப்பு இல்லை, அவளுடைய நிஜ வேலையே அதுதான். வெளியில் காப்பி குடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணால் காட்டினேன்.

பரிசோதகர் எழுந்து, வாசலில் நின்றவருக்குக் கேட்கும்படி, இந்த வழக்கை விருந்து தரும் நாடு பொறுப்பெடுக்க வேண்டும் என்று கேட்டார். புள்ளி போடுகிறவர் திகைத்துப்போனார். இவ்வளவு சீக்கிரமாகவா, மேற்பார்வைக்காரனைப் பற்றிக் கேட்கவில்லை, யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை, உங்கள் புள்ளி எல்லாம் போய்விடுமே என்றார். தெரியும் என்றார் பரிசோதகர். அவருடைய மேலதிகாரியின் முகம் கறுத்துப்போனது.

சமூக சேவகி உள்ளே வந்ததும் பரிசோதகர் கைகொடுத்தார். கொடுத்த கையில் என் பட்டி இருந்தது. அவள் கெட்டிக்காரி. பட்டியைப் பார்த்தாள், வெறும் மணிக்கட்டோடு இருந்த என்னைப் பார்த்தாள். அகப்பட்டவரோடு தனியாகக் கதைக்க எனக்கு உரிமை உண்டு என்று விதியைச் சொல்லி வாசலில் நின்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வெளியே எல்லோருக்கும் அது பயிற்சி. உள்ளே நாங்கள் நாலு பேர் மட்டும்.

"பிள்ளை, நீ சொன்னது உண்மை எண்டு வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட ஆக்களுக்கும் தெரியாது," என்றேன். "இனி என்ன செய்யிறது எண்டு நீ சொன்னால் செய்வம். நீ வேண்டாம் எண்டால் விடுவம்."

அவள் மணிக்கூட்டை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"நான் போகாட்டில் அந்த மனுசிக்கு ஆர் மருந்து குடுக்கிறது?"

"நான் போறன்," என்றேன்.

"மகன் என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போடுவாரோ எண்டு பயமாக் கிடக்கக்கா. வெளிக்கிட்டால் க்வெஸ்தூராவிலை, பொலிஸிட்டை, போய் அப்பிடித்தான் சொல்லுவன் எண்டவர்."

நான் மொழிபெயர்த்தேன். அடுத்தவரின் பாஸ்போட்டைப் பூட்டி வைப்பது இந்த நாட்டில் குற்றம் என்று சமூக சேவகி சொன்னாள். தான் கூட வருவதாகவும், நகரத்துத் தொழில் பரிசோதகர் ஒருவரையும் கூட்டிவருவதாகவும், ஜெசிந்தா வாயே திறக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள். ஜெசிந்தா கேட்டுவிட்டு, "சண்டை பிடிக்கக் கூடாது. கிழவி பாவம், அவவுக்கு ஒண்டும் தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுத் தன் பட்டியைத் தானே கழற்றி மேசையில் வைத்தாள். பரிசோதகர் அதைப் பார்த்து அழுதுவிட்டார். நானும் அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போனோம். மகன் முதலில் கத்தினார். பிறகு சோபாவில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். முன்னால் இருந்த பெண்கள் இரண்டு பேர் சொல்லாமல் போய்விட்டார்களாம். இவளும் போனால் அம்மாவைத் தனிய என்ன செய்வேன் என்ற பயமாம். எனக்கும் அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. பயந்தவன் போட்டாலும் பூட்டு பூட்டுத்தான், அதுவும் உண்மை. அலுமாரி திறந்தது. பாஸ்போட்டை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். நான் சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுத்தேன். வேறு ஆள் கிடைக்கும்வரை, பயிற்சி நேரம் தவிர, அங்கேதான் நின்றேன், இந்த முழங்காலோடு.

பயிற்சியின் கடைசி நாளில் புள்ளிகளை வாசித்தார்கள். பங்காளி நாட்டுக் குழு கடைசி. முற்றத்தில் வைத்து மேலதிகாரி அந்தப் பரிசோதகரைத் திட்டித் தீர்த்தார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, திட்டு எந்த மொழியிலும் விளங்கும். அந்தப் பெண் ஒரு மந்தரினை உரித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை, கிட்டப் போனேன். அவர் என்னைக் கண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஜெசிந்தாவின் விமானம் இன்னும் கிளம்பவில்லை. அதுவரை ஒரு வாய்க்கும் செய்தி போகக் கூடாது என்று, தன் நாட்டின் இடமே போனாலும் பரவாயில்லை என்று அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

விமானம் போன பிறகு, ஜெசிந்தாவிடம் கேட்டு, அவள் ஓம் என்ற பிறகுதான், நெட்டைப் பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"காட்சி முடிவதற்கு முன்பே, வெளியே சன்னலருகில் நின்றபோது, உன் கையில் பட்டி இல்லாததைக் கண்டேன். விசிலை வாய்வரை கொண்டுபோனேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டேன்," என்றார். பிறகு என் முன்னாலேயே அந்த மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார்.

அடுத்த வருடம் அந்தக் குழு வந்தது. முதல் வகுப்பை எடுத்தது அந்தப் பரிசோதகர்தான். கண்டவர் ஒருவராகவும் செய்யக்கூடியவர் வேறொருவராகவும் இருந்தால், கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். வகுப்பு முடிந்து அவர் போய்ச் சுவரோரக் கதிரையில்தான் இருந்தார். அதை மாற்ற என்னால் ஆகாது. பெரிய ஆட்கள் பார்க்க வேண்டியது அது.

ஆகவே பிள்ளைகளே, தாளைப் பாடமாக்கிக்கொண்டு இருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறவள் தாளை விட்டு எங்கே போகிறாள் என்று பாருங்கள். பட்டியைக் கழற்றுவதென்றால் யாருடைய கையில் வைப்பது என்று யோசித்துக் கழற்றுங்கள். யோசிக்க நேரம் இல்லையென்றால், அவளுக்கு எது நல்லதோ அதைச் செய்துவிட்டுப் பிறகு வந்து என்னிடம் ஏச்சு வாங்குங்கள்.

இன்றைக்குக் காலையில் உங்களுக்குப் பட்டி கட்டிவிட்டவள்தான் ஜெசிந்தா. மகளின் கட்டிலருகே இருந்து, நெஞ்சுக் காயம் ஆறும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். இப்போது வேறு வீட்டில் வேலை. பாஸ்போட் அவளுடைய கைப்பைக்குள். மகளையும் இங்கே எடுப்பித்துவிட்டாள். அந்தப் பெண் பிள்ளை இத்தாலி மொழியில் எங்கள் எல்லோரையும் திருத்துகிறது. ஜெசிந்தா எங்களுக்குப் பட்டி கட்டுவாள், தேத்தண்ணி ஊற்றுவாள், எல்லாம் செய்வாள், ஏமாற்றப்பட்டவளாக நடிக்கிற அந்தக் கதிரையில் மட்டும் இருக்கமாட்டாள். மகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் என்றால் பெயரைச் சொல்லி, போனில் படம் காட்டி, உங்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவாள். கொட்டகைக்கு உள்ளே கேட்டால் சொல்லமாட்டாள். உள்ளே அந்தப் பெயரை ஒரு தரம் சொன்னது போதும் என்பாள்.